டிராகன் ஆட்டமும் 16ஆவது நகர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன கச்சான் காற்றுக் காலத்தில் திருகோணமலையில் நடந்த இரண்டு நாள் சதுரங்கப் போட்டியில் என் மாணவி ஒருத்தி கறுப்புக் காயுடன் சிசிலியன் டிராகன் ஆடி வென்றாள். அவளுக்கு வயது 14. அந்த ஆட்டத்தின் பிரதி எப்படியோ கைக்குக் கை போய்விட்டது. உப்புவெளியிலிருந்தும் கின்னியாவிலிருந்தும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கிறார்கள், வகுப்பிலும் கேட்கிறார்கள், சந்தையில் கண்டாலும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

காய்களை நாங்கள் வகுப்பில் சொல்லும்படியே எழுதுகிறேன்: ராஜா, ராணி, கோட்டை, பிஷப், குதிரை, சிப்பாய். நிரல்கள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச். வரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. நகர்வு எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்வு. × என்றால் வெட்டு. கோட்டை கட்டுவது என்றால் ராஜாவையும் ஒரு கோட்டையையும் ஒரே நகர்வில் நகர்த்தி ராஜாவைப் பத்திரமாக ஒதுக்குவது: 0-0 ராஜா பக்கம், 0-0-0 ராணி பக்கம்.

டிராகன் என்றால் என்ன? பெயர் எங்கிருந்து வந்தது?

வெள்ளை ஈ4 ஆட, கறுப்பு சி5 என்று பதில் சொன்னால் அது சிசிலியன். அதில் கறுப்பு ஜி6 ஆடி, பிஷப்பை ஜி7இல் வைத்தால் டிராகன். டி6, ஈ7, எஃப்7, ஜி6, எச்7 என்று வளைந்து நிற்கும் சிப்பாய்களைப் பார்த்து, வானத்தில் டிராகன் விண்மீன் கூட்டம் வளைந்து கிடப்பது போல இருக்கிறது என்று ரஷ்ய ஆட்டக்காரர் டுஸ்-கோட்டிமிர்ஸ்கி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்த பெயர் என்பார்கள். அந்தப் பாம்பின் மூச்சு ஜி7 பிஷப். ஜி7இலிருந்து ஏ1 வரை போகும் நீண்ட மூலைக்கோடு முழுவதும் அதன் கையில். வெள்ளை ராஜா அந்தக் கோட்டின் மறுமுனைக்குப் பக்கத்தில்தான் வந்து உட்காரப்போகிறது. இந்த ஒன்றை நினைவில் வையுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே விளங்கும்.

ஏன் இதைக் கூர்மையான தற்காப்பு என்கிறீர்கள்?

இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கத்தில் கோட்டை கட்டுகிறார்கள். வெள்ளை ராஜா ராணி பக்கம், கறுப்பு ராஜா தன் ராஜா பக்கம். அதனால் வெள்ளை தன் எச், ஜி சிப்பாய்களைப் பயமில்லாமல் ஓட்டலாம். அங்கே அதன் ராஜா இல்லை. கறுப்பு சி நிரல் வழியாக இறங்கலாம். ஒரு நகர்வு பிந்தினாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பின்னாளில் உலகச் சாம்பியனான அமெரிக்கர் ஃபிஷர், 1958இல் யூகோஸ்லாவியாவின் போர்டோரோஷில் டென்மார்க்கின் லார்சனின் டிராகனை எச் நிரலைத் திறந்தே உடைத்தார். அப்போது அவருக்கு 15 வயது. அந்த ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு டிராகனை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

ஆட்டம் 15ஆவது நகர்வு வரை எப்படிப் போனது?

1. ஈ4 சி5 2. குதிரை எஃப்3 டி6 3. டி4 சிப்பாய்×டி4 4. குதிரை×டி4 குதிரை எஃப்6 5. குதிரை சி3 ஜி6 6. பிஷப் ஈ3 பிஷப் ஜி7 7. எஃப்3 குதிரை சி6 8. ராணி டி2 0-0 9. பிஷப் சி4 பிஷப் டி7 10. எச்4 கோட்டை சி8 11. பிஷப் பி3 குதிரை ஈ5 12. 0-0-0 குதிரை சி4 13. பிஷப்×சி4 கோட்டை×சி4 14. எச்5 குதிரை×எச்5 15. ஜி4 குதிரை எஃப்6.

எஃப்3, பிஷப் ஈ3, ராணி டி2, பிறகு ராணி பக்கம் கோட்டை: இந்த அமைப்புக்கு யூகோஸ்லாவ் தாக்குதல் என்று பெயர். 14ஆவது நகர்வில் வெள்ளை ஒரு சிப்பாயை வேண்டுமென்றே கொடுக்கிறது. எச் நிரல் திறந்தால் போதும், சிப்பாய் போனால் போகட்டும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு பிழையில்லை.

இப்போது பலகையைப் பாருங்கள். வெள்ளை: ராஜா சி1, ராணி டி2, கோட்டைகள் டி1, எச்1, பிஷப் ஈ3, குதிரைகள் சி3, டி4, சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, ஈ4, எஃப்3, ஜி4. கறுப்பு: ராஜா ஜி8, ராணி டி8, கோட்டைகள் சி4, எஃப்8, பிஷப்புகள் டி7, ஜி7, குதிரை எஃப்6, சிப்பாய்கள் ஏ7, பி7, டி6, ஈ7, எஃப்7, ஜி6, எச்7.

வெள்ளை 16இல் ஆடிய பிஷப் எச்6 ஏன் பிழை? எல்லாரும் அப்படித்தானே ஆடுகிறார்கள்?

எல்லாரும் ஆடுவது உண்மை. டிராகனின் மூச்சை நிறுத்த ஜி7 பிஷப்பை மாற்றவேண்டும், அதற்கு எச்6க்கு வரவேண்டும் என்று முதல் நாளே படிக்கிறோம். படித்ததை எதிராளி உடனே ஆடினார், ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. பிழை அந்த யோசனையில் இல்லை, நேரத்தில்தான்.

ஈ3இல் நின்ற பிஷப் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. டி4 குதிரைக்குக் காவல். எச்6க்குப் போனதும் அந்தக் காவல் போய்விட்டது. டி4க்கு மிஞ்சியது ராணி மட்டும். கறுப்பின் பதில் 16... குதிரை×ஈ4.

பார்த்தவுடன் குதிரையைச் சும்மா கொடுத்தது போலத் தெரியும். வெள்ளை அதை எஃப்3 சிப்பாயால் வெட்டட்டும், சி3 குதிரையால் வெட்டட்டும், கறுப்புக் கோட்டை டி4 குதிரையை வெட்டி டி2 ராணியையே தாக்கும். அந்தக் கோட்டையை ராணி வெட்டமுடியாது. எஃப்6இலிருந்து குதிரை போனதால் ஜி7 பிஷப்பின் கோடு திறந்துவிட்டது, அது டி4ஐக் காக்கிறது. ராணி எச்2க்கு ஓடி எச்7ஐக் குறிவைத்தால், பிஷப் ஈ5க்கு வந்து ராணியைத் துரத்தும். ஒரு குதிரை நகர்ந்ததில் பாதுகாப்பு, தாக்குதல், கோடு திறப்பு மூன்றும் சேர்ந்து நடக்கின்றன.

அவள் இதை எப்படிக் கண்டுபிடித்தாள்? முன்பே படித்திருந்தாளா?

இல்லை. நான் காட்டிக் கொடுத்த வரிசை 12ஆவது நகர்வோடு முடிந்தது. அதற்கு மேல் அவளுடைய மூளை.

நான் சுவர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கு ஒரு மணித்தியாலம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 வினாடி கூடும். மண்டபத்து யன்னல் வழியாகக் கச்சான் காற்று வீசி ஸ்கோர் ஷீட்டுகளைத் தூக்கியது. அவள் தண்ணீர்ப் போத்தலைத் தாளின் மேல் வைத்தாள். பிஷப் எச்6க்கு வந்ததும் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே போட்டுக்கொண்டாள். கை தானாகப் போய்க் காயைத் தொடக்கூடாது என்பதற்காக வகுப்பில் சொல்லிக் கொடுத்த பழக்கம் அது. முதலில் எச்6ஐப் பார்த்தாள். பிறகு அவளுடைய கண் ஈ3க்குப் போனது. வெறும் கட்டம். அங்கேயே நெடுநேரம் நின்றது. கடிகாரத்தில் 14 நிமிடம் போய்விட்டது, எனக்கு வியர்த்தது. கடைசியில் கையை எடுத்துக் குதிரையைத் தூக்கி ஈ4இல் வைத்தாள்.

பிறகு வெளியே வந்து சொன்னாள்: "சேர், அவர் எங்க வந்தார் எண்டு பாக்கேல்ல. எதை விட்டிட்டு வந்தார் எண்டு பாத்தன்."

இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்ல முயன்றதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். எதிராளி ஒரு காயை நகர்த்தினால் நாம் எல்லாரும் அது போய்ச் சேர்ந்த கட்டத்தையே பார்க்கிறோம். அது விட்டுப்போன கட்டத்தைப் பார்ப்பவர் குறைவு.

அதற்குப் பிறகு வெள்ளை என்ன செய்தது?

எதிராளியும் நல்ல ஆட்டக்காரர். இரண்டு வெட்டும் சரிவராது என்று கண்டு 17. ராணி ஈ3 ஆடினார். ராணி தப்பியது, ஈ4 குதிரை இன்னும் அடியில் நிற்கிறது. அதற்குத்தான் 17... கோட்டை×சி3. கோட்டை குதிரையை வெட்டியதோடு ஈ3 ராணியையும் பார்க்கிறது. அதனால் 18. பி2 சிப்பாயால் வெட்டுவதைத் தவிர நல்ல வழி இல்லை. 18... குதிரை எஃப்6 என்று குதிரை பத்திரமாக வீடு திரும்பியது. 19. பிஷப்×ஜி7 ராஜா×ஜி7.

கோட்டையைக் கொடுத்துக் குதிரையை வாங்குவது நட்டம் இல்லையா?

பெற்றோர் அதிகம் கேட்பது இதுதான். கோட்டைக்கு 5, குதிரைக்கு 3 என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு இப்படி ஆடச் சொல்கிறீர்களே என்கிறார்கள்.

முதலில் எண்ணிப் பாருங்கள். கோட்டை போனது, குதிரை வந்தது. அதோடு எச்5இல் ஒரு சிப்பாய், ஈ4இல் ஒரு சிப்பாய். 3உம் 2உம் 5. கணக்கிலேயே நட்டம் இல்லை. இப்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு வெள்ளை ராஜாவைப் பாருங்கள். பி2இல் நின்ற சிப்பாய் சி3க்கு இழுபட்டுவிட்டது. ஏ2, சி2, சி3 மூன்றும் ஒன்றை ஒன்று தாங்காமல் நிற்கின்றன. மொத்தத்தில் வெள்ளைக்கு ஐந்து சிப்பாய், கறுப்புக்கு ஏழு. அந்த ஏழும் ஒழுங்காக நிற்கின்றன.

டிராகனில் சி3 குதிரைதான் வெள்ளையின் கதவுத் தாழ்ப்பாள். ஈ4ஐயும் அது காக்கிறது, ஜி7 பிஷப்பின் மூலைக்கோட்டையும் அது மறிக்கிறது. அந்தத் தாழ்ப்பாளுக்காகக் கோட்டையைக் கொடுப்பது இந்தத் தற்காப்பின் பழைய வழக்கம். ஆனால் சி3இல் கோட்டையைக் கொடுத்தால் எப்போதும் வெல்லலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். எத்தனையோ பிள்ளைகள் இதை அழகுக்காகக் கொடுத்துத் தோற்றதைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது ஒரு சிப்பாயாவது சேர்ந்து வரவேண்டும், ராஜாவும் திறக்கவேண்டும்.

முடிவு எப்படி?

20. கோட்டை எச்2. இரண்டு கோட்டையையும் எச் நிரலில் அடுக்கும் எண்ணம். அவள் 20... கோட்டை எச்8 ஆடினாள். ஆட்டம் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த நகர்வு இது. குதிரை×ஈ4ஐப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், இதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பெரிய அடி அடித்த கையோடு இன்னொரு அடிக்கு ஓடாமல், எச்7ஐப் பூட்டிவிட்டு உட்கார்ந்தாள். ராணியும் டி8இலேயே நின்று ஈ7ஐக் காத்தது. ஈ4 சிப்பாய் போனதால் வெள்ளை ராணி ஈ3இலிருந்து ஈ7ஐ நேரே பார்க்கிறது. ராணி அவசரப்பட்டு ஏ5க்குப் போயிருந்தால் அந்தச் சிப்பாய் தனித்துப் போயிருக்கும்.

தாக்குதல் அடங்கியபின் ராணிகள் மாறின, நடுச் சிப்பாய்கள் ஒன்றையொன்று கைபிடித்து இறங்கின. 47ஆவது நகர்வில் வெள்ளை தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார். கைகொடுத்த பிறகு அவரே உட்கார்ந்து ஆட்டத்தை அவளுடன் திரும்பப் போட்டுப் பார்த்தார். அவரும் இந்தக் கேள்விகளைத்தான் கேட்டார்.

அப்படியென்றால் 16இல் வெள்ளை என்ன ஆடியிருக்கவேண்டும்?

இதற்கு உலகறிந்த விடை இருக்கிறது. 1974இல் மாஸ்கோவில், உலகச் சாம்பியனுடன் மோதப்போவது யார் என்று தீர்மானிக்கும் இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம். வெள்ளை கார்ப்போவ், கறுப்பு கோர்ச்னோய், இருவரும் சோவியத் ஆட்டக்காரர்கள். மேலே உள்ள அதே 15 நகர்வுகள், அதே நிலை. கார்ப்போவ் 16இல் ஆடியது: டி4 குதிரையை ஈ2க்கு எடுத்தார்.

தாக்கப்போகும் ஆள் குதிரையைப் பின்னால் இழுக்கிறார்! முதலில் பார்த்தபோது எனக்கும் விளங்கவில்லை. ஈ2 குதிரை சி3 குதிரைக்குக் காவல். இனிக் கறுப்புக் கோட்டை சி3இல் வெட்டினால் குதிரை திரும்ப வெட்டும், பி2 சிப்பாய் அசையாது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் கார்ப்போவ் 17. பிஷப் எச்6 ஆடினார். எங்கள் எதிராளி ஆடிய அதே நகர்வு, ஒரு நகர்வு பிந்தி.

17... பிஷப்×எச்6 18. ராணி×எச்6 எஃப் கோட்டை சி8. கறுப்பு ராணி 16இலேயே ஏ5க்கு வந்திருந்தது. இப்போது இரண்டு கோட்டையும் சி நிரலில். 19. கோட்டை டி3! மறுபடியும் சி3க்குக் காவல். இந்த முறை கோட்டை காவலுக்கு வந்ததால் ஈ2 குதிரைக்கு விடுதலை. 19... சி4 கோட்டை சி5 20. ஜி5 கோட்டை×ஜி5 21. கோட்டை டி5 கோட்டை×டி5 22. குதிரை×டி5 கோட்டை ஈ8 23. ஈ2 குதிரை எஃப்4 பிஷப் சி6.

இங்கே பலகையை நிறுத்துங்கள். டி5 குதிரையால் எஃப்6இல் வெட்டிச் செக் சொல்லி, மற்றக் குதிரையை எச்5க்குக் கொண்டுபோய் ஜி7இல் மேட் காட்டலாம் போல இருக்கிறது. வகுப்பில் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அப்போது ஏ5 ராணி ஐந்தாவது வரிசையில் ஓடி ஜி5இல் செக் சொல்லும், ராணிகள் மாறிவிடும், எல்லாம் அடங்கிவிடும். கார்ப்போவ் ஆடியது 24. ஈ5. ஒரு சிப்பாய். அந்த ஐந்தாவது வரிசையில் ஒரு மதகைப் போட்டது போல. ராணி இனி ஜி5க்கு வரமுடியாது. 24... பிஷப்×டி5 25. சிப்பாய்×எஃப்6 சிப்பாய்×எஃப்6 26. ராணி×எச்7 செக், ராஜா எஃப்8 27. ராணி எச்8 செக். கோர்ச்னோய் விட்டுக்கொடுத்தார். ராஜா ஈ7க்கு ஓடினால் குதிரை×டி5 செக், ராணி×டி5, கோட்டை ஈ1 செக்; ஈ8 கோட்டையோ ராணியோ போய்விடும்.

அந்தத் தொடரில் வென்ற கார்ப்போவ், ஃபிஷர் ஆட வராததால் 1975இல் உலகச் சாம்பியன் ஆனார்.

விஸ்வநாதன் ஆனந்த் டிராகனுக்கு எதிராக ஆடியிருக்கிறாரா?

1995இல் நியூயோர்க்கில் காஸ்பரோவுடன் நடந்த உலகச் சாம்பியன் தொடரில். காஸ்பரோவ் அங்கே டிராகனை எடுத்து 11ஆவது, 13ஆவது ஆட்டங்களைக் கறுப்புடன் வென்றார். ஆனந்தை நேசிக்கும் நமக்கு நோகிற ஆட்டங்கள்தான், ஆனால் பார்க்கவேண்டியவை.

கணினி டிராகனைப் பிழை என்கிறதே?

பிழை என்று சொல்லவில்லை. யூகோஸ்லாவ் தாக்குதலில் வெள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்புக் காட்டும், அவ்வளவுதான். கணினிக்குக் காற்றும் இல்லை, கடிகாரத்தைப் பார்த்து வரும் பதற்றமும் இல்லை. 14 வயதுப் பிள்ளைகள் ஆடும் மேசையில் அந்தச் சிறிய கூடுதல் எங்கே போகும் என்று யாரும் சொல்லமுடியாது. ஆட்டம் முடிந்து, நீங்களே யோசித்து எழுதிய பிறகு கணினியைத் திறவுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

எத்தனை நகர்வு மனப்பாடம் செய்யவேண்டும்?

கறுப்புக்கு முதல் பத்துப் போதும். அதற்கு மேல் நகர்வுகளை அல்ல, கட்டங்களைப் படியுங்கள்: சி3, டி4, எச்7, ஐந்தாவது வரிசை. எச்4 வந்தவுடன் எச்5 என்று அடைக்கும் வழியும் உண்டு. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் சோல்ட்டிஸ் பெயரில் வழங்குகிறது. பயந்த பிள்ளைக்கு அதை முதலில் காட்டுவேன்.

என் மகனுக்கு ஒன்பது வயது. டிராகன் தொடங்கலாமா?

வேண்டாம். முதலில் இரண்டு குதிரையையும் இரண்டு பிஷப்பையும் வெளியே எடுத்து, கோட்டை கட்டி, ஒரு காயையும் சும்மா விடாமல் 30 நகர்வு ஆடட்டும். டிராகன் எங்கும் ஓடிவிடாது.

போட்டி மண்டபத்தில் எதைக் கவனிக்கவேண்டும்?

தொட்டால் ஆடவேண்டும். கோட்டை கட்டும்போது ஒரே கையால், முதலில் ராஜாவைத் தொடவேண்டும். சில வருடங்களுக்கு முன் வெளியூர்ப் போட்டி ஒன்றில் என் மாணவன் ஒருவன் கோட்டையை முதலில் தொட்டுவிட்டான். நடுவர் கோட்டையை மட்டும் நகர்த்தச் சொன்னார், அதுதான் விதி. நடு நிரலிலேயே நின்ற ராஜாவுடன் அந்தப் பிள்ளை தோற்றான். இரவு ரயிலில் திருகோணமலை வரும்வரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அதை நான் வகுப்பில் சரியாகப் பழக்கியிருக்கவேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பும் பத்து முறை கோட்டை கட்டிவிட்டுத்தான் தொடங்குகிறது.

கைத்தொலைபேசியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தண்ணீர்ப் போத்தல் கொண்டு வாருங்கள், தாளுக்கும் உதவும்.

இந்த ஆட்டத்தை வீட்டில் எப்படிப் படிப்பது?

பலகையில் போடுங்கள், திரையில் வேண்டாம். 15ஆவது நகர்வு வரை ஆடிவிட்டு மிச்சத்தை ஒரு தாளால் மூடுங்கள். முதலில் வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து, பிஷப் எச்6 ஆடினால் எந்தக் கட்டம் தனித்துப் போகிறது என்று எழுதுங்கள். பிறகு பலகையைத் திருப்பிக் கறுப்புப் பக்கம் உட்காருங்கள். கார்ப்போவின் ஆட்டத்தில் 23ஆவது நகர்வுக்குப் பிறகு இதையே செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், கை தொடைக்குக் கீழே. எழுதிய தாளை ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். பிழையாக எழுதியதை அழிக்கவேண்டாம், அதிலிருந்துதான் தொடங்குவோம்.